சித்தப்பா பார்த்துவிட்டு வரச் சொன்ன ஊர்

பத்து வருஷத்துக்கு மேல் நான் அவரை 'ராபிசீயாக்ஸ்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டேவ் ராபிசீயாக்ஸ். பெயரின் வாலில் இ, ஏ, யூ, எக்ஸ் என்று நாலு இங்கிலீஷ் எழுத்துகள் க்யூவில் நிற்கும். ரேஷன் கடை க்யூ மாதிரி, கடைசியில் நிற்கிற எக்ஸுக்கு ஒன்றுமே கிடைக்காது என்பது லூசியானா மாநிலத்துக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் தெரிந்தது. பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் இருந்த பாட்டி, நான் கையில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து, "ஓ, ரோபிஷோ!" என்றாள். நாலு எழுத்துக்கும் சேர்த்து ஒரே 'ஓ'. எனக்கு அவமானமாகிவிட்டது. ஒரு மனிதரைப் பத்து வருஷம் தப்பான பெயரில் அழைத்திருக்கிறேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை!

சொல்லமாட்டார். ஏனென்றால் அவர் நாவலில் வருகிற ஆள்.

இந்த டேவ் ரோபிஷோவை எனக்கு அறிமுகப்படுத்தியது என் சித்தப்பா. சித்தப்பா போலீஸில் இருந்தவர். சப்-இன்ஸ்பெக்டர். எந்த ஊர் ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். 1994-ல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சஸ்பெண்டும் இல்லை, டிரான்ஸ்ஃபரும் இல்லை, அவராகவே ராஜினாமா. ஏன் என்று பாட்டி கேட்டாள், சித்தி கேட்டாள், எங்கப்பா கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். பகலில் சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் ஜெராக்ஸ். ராத்திரியில் பிராந்தி. ஐந்து வருஷம் இப்படி ஓடியது. அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி சித்தி இன்றைக்கும் பேசமாட்டாள்.

நடுவில், பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் நாவலைப் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்தார். பெயர் 'ஹெவன்ஸ் பிரிஸனர்ஸ்'. எழுதியவர் ஜேம்ஸ் லீ பர்க். 1988-ல் வந்த புத்தகம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கொலைக் கேஸ்களைத் துப்பறிந்துகொண்டிருந்த ஒரு போலீஸ்காரர், வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்தவர், மகா குடிகாரராக இருந்து திருந்தியவர், வேலையே வேண்டாம் என்று சொந்த ஊர்ப்பக்கம் போய் தண்ணீர் ஓரத்தில் ஒரு கடை வைக்கிறார். மீன் பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டில் புழு விற்பது, படகு வாடகைக்கு விடுவது. நம் துப்பறிகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கணேஷும் வசந்தும் மழையில் நனைந்தால்கூட ஜோக் அடிப்பார்கள். பரத்தும் சுசீலாவும் க்ளூ தேடுகிற அவசரத்திலும் சீண்டிக்கொள்வார்கள். இந்த டேவோ ராத்திரி தூங்கமாட்டார், மழை பெய்தால் செத்தவர்கள் ஞாபகம் வரும், சோடாவைக் குடித்துக்கொண்டு விஸ்கி பாட்டிலை நினைத்துக்கொண்டிருப்பார்.

"ஜெராக்ஸ் மிஷினுக்குப் பதிலா தூண்டில் புழு, அவ்வளவுதான்டா வித்தியாசம்" என்றார் சித்தப்பா. "என்னை யாரோ வந்து பார்த்து எழுதிட்டுப் போன மாதிரி இருக்கு."

டேவ் அந்தப் புத்தகத்தில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போவார். 'ஏ.ஏ.' என்று எழுதியிருக்கும். அப்படி ஒன்று திருச்சியிலும் இருக்கிறதா என்று சித்தப்பா விசாரித்தார். இருந்தது. 1999-லிருந்து சனிக்கிழமை தவறாமல் போகிறார். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கிடையாது. புத்தகம் படித்துத் திருந்தியதாக யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சித்தி அந்தக் கிழிந்த புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முருகன், லட்சுமி, ஜேம்ஸ் லீ பர்க்.

2018 அக்டோபரில் ஆபீஸ் என்னை மூன்று வார வேலையாக ஹூஸ்டனுக்கு அனுப்பியது. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "என்ன சித்தப்பா வாங்கிட்டு வரணும்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒண்ணும் வேணாம். அங்கேர்ந்து நியூ ஐபீரியா கிட்டத்தான்டா. மேப்புல பார்த்து வெச்சிருக்கேன். ஒரு நடை போய், நிஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்கான்னு பார்த்துட்டு வா."

படிக்கிறதுக்கு இரண்டு புத்தகமும் கூரியரில் வந்தன. இரண்டாவது, 1993-ல் வந்த 'இன் தி எலெக்ட்ரிக் மிஸ்ட் வித் கான்ஃபெடரேட் டெட்'. பெயரை மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். 'னோம்' என்றால் நானும், எனக்குக் கார் ஓட்டப் பயந்து கூட வந்த தஞ்சாவூர்க்கார ஆபீஸ் நண்பரும். (அவருக்குத்தான் ஓட்டத் தெரியும். பயந்தது நான்.) நண்பர் சுத்த சைவம். லூசியானாவுக்குச் சைவக்காரரைக் கூட்டிப் போவது, கல்யாண வீட்டுக்குச் சர்க்கரை வியாதிக்காரரைக் கூட்டிப் போவது மாதிரி. பாவம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹூஸ்டனிலிருந்து கிழக்கே ஐ-10 நெடுஞ்சாலை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், கொழுந்துவிட்டு எரியும் புகைபோக்கிகள். சபீன் ஆற்றைத் தாண்டினால் டெக்ஸாஸ் முடிந்து லூசியானா. வரவேற்புப் பலகையே பிரெஞ்சிலும் பேசுகிறது. அந்த மூலையில் இருக்கிறவர்களில் பலர் 'கேஜன்'கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்தில் இருந்த அகேடியர்கள் என்ற பிரெஞ்சுக்காரர்களை 1755-ல் பிரிட்டிஷார் விரட்டியடிக்க, அலைந்து திரிந்து இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து குடியேறிய கூட்டத்தின் வாரிசுகள். 1921-ல் மாநில அரசியல் சட்டம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. அதற்கப்புறம் வகுப்பில் பிரெஞ்சு பேசின பிள்ளைகளுக்குத் தண்டனை. தமிழ் பேசினால் ஃபைன் கட்டச் சொன்ன கான்வென்ட்டில் படித்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1968-லிருந்து அரசாங்கமே பிரெஞ்சை வளர்க்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறது என்பது வேறு கதை. தாத்தாவை அடித்துத் துரத்திய பாஷையைப் பேரனுக்கு டியூஷன் வைத்துச் சொல்லித்தருகிறார்கள்.

லஃபயெட்டில் தெற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் கரும்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பு. அக்டோபர் அறுவடைக் காலமாம். லாரிகள் சக்கரத்துச் சேற்றைத் தார் ரோடு முழுக்க உதறிக்கொண்டு போகின்றன. தோகையைக் கொளுத்திய புகை வானத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆலைப் பக்கம் வந்ததும் அந்த வாசனை... பாகும் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறும் பாருங்கள். தஞ்சாவூர் நண்பர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "சார், எங்க ஊருக்கு வந்துட்டோமா?" என்றார்.

நியூ ஐபீரியா சின்ன ஊர். ஜனத்தொகை முப்பதாயிரத்தைச் சுற்றி. 1779-ல் ஸ்பெயின் நாட்டு மாலகாவிலிருந்து வந்த குடும்பங்கள் அமைத்தது. அமெரிக்காவில் மற்ற எல்லா மாநிலத்திலும் மாவட்டத்தைக் 'கவுண்ட்டி' என்பார்கள் (அலாஸ்கா மட்டும் விலக்கு). இங்கே 'பாரிஷ்'. மாதா கோயில் பங்கு மாதிரி. ஐபீரியா பாரிஷின் தலைநகரம் இது. மெயின் ஸ்ட்ரீட் ஒன்று, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் ஆறு ஒன்று. ஆறு என்று சொல்லக்கூடாது, 'பாயூ' என்று சொல்ல வேண்டும். பாயூ டெஷ்.

ஓடுகிறதா நிற்கிறதா என்று குச்சி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். காப்பி டிகாஷன் நிறம். நீளம் சுமார் 200 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மிசிசிப்பி ஆறு இந்தப் பாதையில்தான் போனதாம். அப்புறம் மனசு மாறி வேறு பக்கம் போய்விட்டது. பூர்வகுடிகளான சிட்டிமாச்சா மக்களின் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. ஒரு மகா பெரிய பாம்பை அவர்களுடைய வீரர்கள் அடித்துக் கொன்றார்களாம். சாகும்போது அது நெளிந்து புரண்ட தடம்தான் இந்தப் பாயூ. மேப்பை எடுத்துப் பாருங்கள், நம்புவீர்கள்.

கரையெல்லாம் லைவ் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடை சடையாகத் தொங்குவதற்கு ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர். ஸ்பானிஷும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடியாம்! முன்னாளில் இதை உலர்த்தி மெத்தையில் அடைத்தார்கள். சாயங்கால வெளிச்சத்தில் ஒவ்வொரு மரமும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நிற்கிற பாட்டி மாதிரி இருக்கிறது. துப்பறியும் நாவல் எழுத இந்த ஊரில் கற்பனையே தேவையில்லை. நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்தால் போதும்.

பர்க் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பிறந்தது 1936-ல், ஹூஸ்டனில். ஆனால் அப்பா வழிக் குடும்பம் பல தலைமுறையாக நியூ ஐபீரியா. அவரும் ஒரு காலத்தில் குடியோடு மல்லுக்கட்டி மீண்டவர். அவருடைய ஒரு நாவல் 'தி லாஸ்ட் கெட்-பேக் பூகி' ஒன்பது வருஷம் பப்ளிஷர் பப்ளிஷராக அலைந்து 111 தடவை திரும்பி வந்தது. நூற்றுப் பதினொன்று! நான் ஒரு ஜோக் திரும்பி வந்ததற்கே ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவன். கடைசியில் 1986-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது, புலிட்சர் பரிசுக்கும் பரிந்துரையானது. அடுத்த வருஷமே டேவ் ரோபிஷோ பிறந்தார். மூன்றாவது டேவ் நாவலுக்கு எட்கர் பரிசு. அதற்கப்புறம் இருபதுக்கும் மேல் எழுதித் தள்ளிவிட்டார். 'ஹெவன்ஸ் பிரிஸனர்ஸ்' நாவலில் விமானம் ஒன்று கடலில் விழ, டேவ் முங்கிப் போய் ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றுவார். அவளுக்கு அலஃபேர் என்று பெயர் வைப்பார். அது பர்க்கின் சொந்த மகள் பெயர். அந்த மகளும் இப்போது துப்பறியும் நாவல் எழுதுகிறார்.

மெயின் ஸ்ட்ரீட்டில் 'ஷேடோஸ் ஆன் தி டெஷ்' என்ற வெள்ளைத் தூண் மாளிகை இருக்கிறது. கரும்புத் தோட்ட முதலாளி ஒருவர் 1834-ல் கட்டி முடித்தது. அந்த வம்சத்தில் கடைசியாக வந்தவர், வந்த பிரபலங்களையெல்லாம் ஒரு கதவில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார். வால்ட் டிஸ்னி கையெழுத்து இருக்கிறது. ஹென்றி மில்லர் இருக்கிறார். கல்லும் செங்கல்லும் சுமந்தவர்கள், கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். அவர்களுக்குக் கதவு கிடையாது.

மத்தியானச் சாப்பாடு. நண்பரின் சோதனைக் காலம் ஆரம்பம். மெனுவில் க்ராஃபிஷ், இறால், நண்டு, அரிசியும் பன்றியும் அடைத்த பூடான் என்கிற தொத்திறைச்சி. முதலைக் கறிகூட இருந்தது. ஒரு வரியில் 'கம்போ' என்று இருந்தது. பரிமாறும் பெண் அதை விளக்க, நண்பர் முகம் மலர்ந்தது. வெண்டைக்காய் போட்ட குழம்பு, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். 'கம்போ' என்ற சொல்லே ஆப்பிரிக்க பாஷையில் வெண்டைக்காய்தானாம். அடிமைக் கப்பலில் வந்த சொல். வந்தது தட்டு. சாட்சாத் வெண்டைக்காய்க் குழம்பு! நண்பர் ஸ்பூனை விட்டார். ஒரு வெண்டைக்காய் வந்தது. அடுத்து ஒரு வெண்டைக்காய். மூன்றாவதாக ஓர் இறால் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அன்று முழுக்க அவர் பிரெட்டும் டபாஸ்கோவும்தான் சாப்பிட்டார். அந்தப் பெண் பரிதாபப்பட்டு, பில்லில் போடாமல் ஒரு துண்டு பெக்கன் பருப்புக் கேக் கொண்டுவந்து வைத்தாள். "லான்யாப்" என்றாள். காசு வாங்காமல் கூடவே கொடுக்கிற சின்ன உபரிக்கு அங்கே அதுதான் பெயர். கறிவேப்பிலைக் கொசுறு! உலகத்தில் வேறு எந்த பாஷையிலும் கொசுறுக்குச் சரியான வார்த்தை இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

டபாஸ்கோ என்றதும் ஞாபகம். அது தயாராவது பக்கத்திலேயே ஏவரி ஐலண்டில். ஐலண்டு என்றால் கடலுக்கு நடுவில் இல்லை, சதுப்புக்கு நடுவில் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு. அடியில் முழுக்கப் பாறை உப்பு. 1868-லிருந்து அங்கே சாஸ் வியாபாரம். மிளகாய் பறிக்கிறவர்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு குச்சி உண்டு. அந்தச் சிவப்புக்கு மிளகாய் பழுத்திருந்தால்தான் பறிக்கலாம். அரைத்து, உப்புப் போட்டு, ஓக் பீப்பாயில் மூன்று வருஷம் வரை ஊறப்போட்டு, அப்புறம்தான் வினிகர். ஒரு துளி சாஸுக்கு மூன்று வருஷம். நம் வீட்டு ஆவக்காய்க்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

அந்த உப்பு செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பென்யூர் ஏரி. ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கம். 1980 நவம்பர் 20-ம் தேதி ஏரியில் எண்ணெய் தேடித் துளை போட்டவர்கள் தெரியாமல் சுரங்கத்தையே குத்திவிட்டார்கள். குளியல் தொட்டி அடைப்பை எடுத்த மாதிரி மொத்த ஏரியும் சுழன்று உள்ளே போய்விட்டது. துளை போட்ட மேடை போச்சு, பதினொரு படகுகள் போச்சு, கரையில் இருந்த தோட்டம் போச்சு. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கால்வாய் திரும்பி ஏரிக்குள் பாய்ந்து, அருவியே உண்டானது. இரண்டு நாளைக்குப் பிறகு ஒன்பது படகுகள் கார்க் மாதிரி மேலே வந்து மிதந்தன. சுரங்கத்தில் இருந்தவர்களில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதை பர்க் நாவலில் எழுதியிருந்தால், "ரொம்பத்தான் ரீல் விடறான்" என்று நானே சொல்லியிருப்பேன்.

ராத்திரி மோட்டலில் நண்பர் பசியில் சீக்கிரம் தூங்கிவிட்டார். நான் இரண்டாவது புத்தகத்தை எடுத்தேன். அந்தக் கதையில் நியூ ஐபீரியாவுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து உள்நாட்டு யுத்தப் படம் எடுக்கும். டேவ் இப்போது ஷெரிஃப் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அச்சாஃபலாயா சதுப்பில் ஓர் எலும்புக்கூடு கிடைக்கும், சங்கிலியோடு. ஒரு கறுப்பர். 1957-ல், தான் இளைஞனாக இருந்தபோது, வெள்ளைக்காரர்கள் அந்த மனிதரைச் சுட்டதை டேவ் நேரில் பார்த்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்த எலும்பு அவரைத் தேடி வருகிறது. மூடுபனிக்குள்ளிருந்து, செத்துப்போன ஜெனரல் ஹூட் வந்து டேவிடம் பேசுவார். ஆவியா, பழைய குடியின் பாக்கியா, தெரியாது. (2009-ல் பெர்ட்ரான்ட் டவர்னியே என்ற பிரெஞ்சு டைரக்டர் இதைப் படமாக எடுத்தார். டாமி லீ ஜோன்ஸ்தான் டேவ். முகத்தைப் பார்த்தாலே தூங்கி நாளாச்சு என்று தெரியும்.)

சித்தப்பா புத்தகத்தில் கிறுக்குகிற ஆள் இல்லை. ஓரம் மடிக்கக்கூட மாட்டார். அந்த இடத்தில், 1957-ல் பார்த்ததை டேவ் நினைத்துப் பார்க்கிற பக்கத்தில் மட்டும், பென்சிலால் ஒரு கோடு. மேலிருந்து கீழே, நேராக. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. புத்தகம் முழுக்கத் தேடினேன். வேறு எங்கும் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். ஏ.சி. சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாயூ கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு கறுப்பினப் பெரியவர். ஓய்வு பெற்ற ஸ்கூல் வாத்தியாராம். எங்கிருந்து வந்தோம், எதற்கு வந்தோம் என்று விசாரித்தார். கதையைப் படித்து ஊரைப் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். "அந்தப் புத்தகம் நானும் படிச்சிருக்கேன். நல்லா எழுதறார். ஒண்ணுதான். அதுல செத்துப்போற ஒவ்வொருத்தருக்காகவும் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்டுட்டு வந்துடறாங்க."

அவர்தான் 1944 பற்றிச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். யுத்த சமயம். கறுப்பர்களும் வெல்டிங் கற்றுக்கொள்ள ஒரு பள்ளி வேண்டும் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். உரிமைச் சங்கத்தின் கிளை ஒன்றை ஆரம்பித்தார்கள். மே மாதம் ஷெரிஃபின் ஆட்கள் அந்தச் சங்கத் தலைவரை அடித்து, ஊரை விட்டே போகச் சொன்னார்கள். அப்புறம் மற்றவர்களையும். ஊரில் இருந்த கறுப்பின டாக்டர்கள் உள்பட. மத்திய அரசு விசாரித்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

அது பழைய காலம் என்றேன். பெரியவர் என்னைப் பார்த்தார். 2016-ல்தான் இதே பாரிஷின் ஷெரிஃப் மீது மத்திய கோர்ட்டில் வழக்கு நடந்து முடிந்திருக்கிறது. 2011-ல் சிறைக்குள் கைதிகளை அடித்ததாகக் குற்றச்சாட்டு. அடித்த இடம் சிறையில் உள்ள ஜெபக் கூடம், அங்கே கேமரா கிடையாது. ஷெரிஃபின் கீழே வேலை பார்த்தவர்கள் பல பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஷெரிஃபை ஜூரி நிரபராதி என்று விடுதலை செய்துவிட்டது.

பெரியவருக்கு அன்று ஒரு மீனும் மாட்டவில்லை. நாங்கள் கிளம்பும்போது தூண்டிலைத் தூக்கி, புழுவை மாற்றிக்கொண்டிருந்தார். "புழு எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டேன். சூப்பர் மார்க்கெட் பெயரைச் சொன்னார்.

திரும்புகிற வழியில் அச்சாஃபலாயா பாலத்தைப் பார்க்காமல் வரக்கூடாது என்று லஃபயெட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓட்டினோம். 1973-ல் திறந்த பாலம். 29 கிலோமீட்டர். அமெரிக்காவின் மிகப் பெரிய ஆற்றுச் சதுப்பு அது. அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள், மரத்தடியில் பச்சைப் பாசி. நண்பர் ஒன்றும் பேசவில்லை. எலும்பு கிடைத்தது இங்கேதானே என்று நானும் சொல்லவில்லை. இங்கே இன்னும் எவ்வளவு கிடக்கும் என்று தோன்றியது.

ஊருக்கு வந்ததும் திருச்சி போனேன். சித்தப்பா கடையில் தனியாக இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம். போட்டோக்களைச் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மரங்களை ரொம்ப நேரம் பார்த்தார். டபாஸ்கோ பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு, "காரமே இல்லையேடா" என்றார்.

"அந்தத் தூண்டில் கடை இருந்ததா?"

"இல்லை சித்தப்பா. அது அவர் கற்பனை."

"ம்."

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். "ரெண்டாவது புக்ல ஒரு இடத்துல கோடு போட்டிருக்கீங்களே சித்தப்பா?"

மிஷின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"டேவ் பார்த்துட்டுத்தானே நின்னான்" என்றார். "நான் எழுதினேன்டா. நெஞ்சு வலிக்குதுன்னு அந்தப் பையன் சொன்னதா எழுதி, கீழ என் கையெழுத்தைப் போட்டேன். அவன் ஒண்ணுமே சொல்லலை. சொல்ற நிலைமையில இல்லை."

எனக்கு வாயில் எதுவும் வரவில்லை. ரோட்டில் ஒரு பஸ் போனது.

"ஏ.ஏ.-யில ஒன்பதாவது படின்னு ஒண்ணு இருக்கு. யாருக்குக் கெடுதல் பண்ணினோமோ, அவங்களைப் போய்ப் பார்க்கணும். மத்த எல்லாருக்கும் செஞ்சாச்சு. உன் சித்திக்குச் செஞ்சேன். உங்கப்பாகிட்ட வாங்கின பணத்தைத் திருப்பினேன். அந்தப் பையனோட அம்மா இன்னும் இருக்காங்க. ரெண்டு தடவை அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன். டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"நான் வேணா கூட வரட்டுமா சித்தப்பா?"

பதில் சொல்லவில்லை. மிஷினை அணைத்தார். கல்லாவைப் பூட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மணி ஆறாச்சு, மீட்டிங் இருக்கு. ஷட்டரை இறக்கு" என்றார். நான் குனிந்து பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குக் காலையில உன் வண்டி சும்மாதானே இருக்கும்?"